முதிர்ந்த பூனையும் முற்றுப்பெறாக் கடமையும்

மனிதரோடு ஒரே கூரையின்கீழ் வாழும் உயிரினங்களுள் பூனைக்குத் தனியிடம் உண்டு. ஆடும் மாடும் தொழுவத்தில் கட்டப்படுகின்றன. கோழி கூண்டில் அடைக்கப்படுகின்றது. பூனையோ கட்டுமின்றிக் காவலுமின்றித் தன் விருப்பப்படி வந்து போகின்றது. அடுப்பங்கரையில் உறங்குவதும், தொழுகை விரிப்பின் ஓரத்தில் ஒடுங்கிக் கிடப்பதும், உணவு வேளையில் காலைச் சுற்றி வருவதும் நாம் அன்றாடம் காணும் காட்சிகள். குட்டியாயிருக்கும் பருவத்தில் அதனைக் கொஞ்சாதார் இலர். ஆயின் அதே பூனை முதுமையுற்று, நோயுற்று, எலும்பும் தோலுமாய் மூலையில் முடங்கும் நாளில் அதற்கு யார் துணை? இவ்வினாவையே இம்மலரின் வாயிலாக எழுப்ப விழைகின்றோம்.

நம் ஊர்களில் இதற்கொரு வழக்கம் இருந்து வருகின்றது. நோயுற்ற கிழப்பூனையைச் சாக்கில் இட்டுக் கட்டி, இரவோடு இரவாக மீன் அங்காடியின் அருகே விட்டு வருவர். ‘அங்கே மீன் கிடைக்கும், பிழைத்துக்கொள்ளும்’ என்று தமக்குத் தாமே ஆறுதலும் கூறிக்கொள்வர். இதற்கு நேர்மாறாக வேறொரு சாராரும் உளர். பூனையின்மீது கொண்ட பேரன்பால், அதன் உடல் இனித் தாங்காது என்று தெரிந்தும் மருந்துமேல் மருந்து புகட்டி, அதன் வேதனையை நீட்டிப்பர். முன்னவர் கடமையைக் கைவிடுகின்றனர். பின்னவர் தம் துயரத்தைக் கடமையென மயங்குகின்றனர். இவ்விரண்டிற்கும் இடையே ஒரு நேர்வழி உண்டு என்பது எம் கருத்து.

இலக்கியத்தில் பூனை

தமிழில் பூனைக்குப் பழமையான இடம் உண்டு. வெருகு எனப்படும் காட்டுப்பூனையின் இளமைப் பெயர் குட்டி எனத் தொல்காப்பிய மரபியல் வகுத்துரைக்கின்றது. இன்றும் நாம் பூனைக்குட்டி என்றே வழங்குகின்றோம். பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிடப் புகுந்த பூனையோடு தம்மை ஒப்பிட்டு அவையடக்கம் பாடினார் கம்பர். எனினும் முதுமையடைந்த பூனைக்கு இலக்கியம் இரங்கியதாகத் தெரியவில்லை. தவவேடம் பூண்டு, முயலுக்கும் கவுதாரிக்கும் நீதி வழங்குவதாக அருகழைத்து, இரண்டையும் உண்டுவிடும் பூனையின் கதையைப் பஞ்சதந்திரத்தில் படிக்கின்றோம். ‘உருத்திராட்சப் பூனை’ என்பது போலித் துறவியைச் சுட்டும் தொடராகவே நிலைத்துவிட்டது. குட்டிக்குப் பெயர் வகுத்த உலகம் கிழப்பூனைக்கு வசையையே வகுத்தது எனலாம்.

உயிரினங்களை வேறொரு கண்கொண்டு நோக்கும் பார்வையை உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் காண்கின்றோம். ‘மானுக்குப் பிணை நின்ற படலம்’ மாணவர் பலரும் பயின்றதே. வேடனிடம் அகப்பட்டுக் கட்டுண்ட பெண்மான் தன் கன்றுக்குப் பாலூட்டித் திரும்பும்வரை, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தாமே அதற்குப் பிணையாக நின்றார்கள் என்பது அதன் பொருள். பிணை என்னும் சொல் பெண்மானையும் குறிக்கும். பொறுப்பேற்று நிற்றலையும் குறிக்கும். தன் சொல்லுக்கு மதிப்பில்லாத ஓர் உயிருக்காகத் தம்மைப் பொறுப்பாக்கிக் கொள்வதே பிணை நிற்றல். ஒரு பூனையை நம் வாசலுக்குள் ஏற்று, அதற்கொரு தட்டில் சோறிட்ட நாளிலேயே நாமும் அதற்குப் பிணை நின்றவராகின்றோம்.

மார்க்கம் காட்டும் நெறி

நபித்தோழர் அபூ கதாதா (ரலி) அவர்களுக்கு, அவர்தம் மகனின் துணைவியார் கப்ஷா ஒளுச் செய்ய நீர் வைத்தார். பூனையொன்று அந்நீரை நாடி வந்தது. அவர் அதனை விரட்டவில்லை. அது எளிதாகக் குடிக்கும்படி பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார். வியப்புடன் நோக்கிய கப்ஷாவிடம், பூனை அசுத்தமானதன்று என்றும், அது உங்களைச் சுற்றி வரும் உயிர்களுள் ஒன்று என்றும் நபிகளார் கூறியதை எடுத்துரைத்தார். அபூதாவூத், திர்மிதி முதலிய தொகுப்புகளில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது.

பூனையைக் கட்டிவைத்துச் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ளது. நம்மில் பலரும் சிறுவயதிலேயே மதரசாவில் கேட்டதுதான். அதில் இரு குற்றங்கள் சுட்டப்படுகின்றன. அவள் அதற்கு உணவு கொடுக்கவில்லை. தானே இரைதேடி உண்ணவும் விடவில்லை. இவ்விரண்டாம் பகுதியைச் சற்று ஆழ்ந்து நோக்குவோம். நலமுள்ள பூனையை வெளியே விட்டால் அது எலியையோ பூச்சியையோ பிடித்து உண்டு வாழும். பற்கள் உதிர்ந்து, பார்வை மங்கி, பாயும் வலிமை இழந்த பூனை எங்ஙனம் இரை தேடும்? நோயே அதனைக் கட்டிய கயிறாகிவிட்டது. ஆதலின் அதனை மீன் அங்காடியில் விட்டு வருதல் விடுதலை செய்தலாகாது. கட்டிய கயிற்றோடு பட்டினி போடுதலேயாகும்.

பயன் தீர்ந்தபின்னும் கடமை தீர்வதில்லை என்பதை வெளிப்படையாகவே எழுதிவைத்த சட்ட மேதை ஒருவர் உளர். டமாஸ்கஸில் பிறந்து, கெய்ரோவில் 1262-ஆம் ஆண்டு மறைந்த ஷாஃபிஈ அறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் அவர்களே அவர். ‘கவாயிதுல் அஹ்காம்’ என்னும் தம் நூலில், மனிதன்மீது விலங்குகளுக்குள்ள உரிமைகளை அவர் நிரல்படக் கூறுகின்றார். அவற்றுள் முதன்மையானது, விலங்குக்குரிய உணவுச் செலவை உடையவன் ஏற்க வேண்டும் என்பது. அது முதுமையாலோ பிணியாலோ எப்பயனும் தராத நிலையை அடைந்தாலும் இக்கடமை நீங்காது என்பதையும் அவர் சேர்த்தே கூறுகின்றார். அவருடைய இறுதிக் காலத்தில் எகிப்தை ஆளத் தொடங்கியவர் சுல்தான் பைபர்ஸ் (1260-1277). அவர் கெய்ரோவில் பூனைகளின் நலனுக்கென ஒரு தோட்டத்தை வக்ஃபாக விட்டுச் சென்றார் என்று, 1836-ஆம் ஆண்டு வெளியான தம் நூலில் எட்வர்ட் லேன் என்னும் ஆங்கிலேயர் குறித்துள்ளார். பூனைப் பராமரிப்பு என்பது மேனாட்டார் நமக்குக் கற்றுக்கொடுத்த புதுமை என எண்ணுவோர் இச்செய்திகளை நோக்குவாராக.

நோயின் இயல்பு

அன்பு மட்டும் போதாது, அறிவும் வேண்டும். நன்கு பேணப்படும் வீட்டுப்பூனை 12 முதல் 15 ஆண்டுகள் வாழ்தல் இயல்பு. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் 1967-இல் பிறந்த ‘கிரீம் பஃப்’ என்னும் பூனை 2005-இல் இறக்கும்போது அதற்கு வயது 38. இத்தகையவை அருமை. பத்து வயதைக் கடந்த பூனையை முதியதெனக் கொண்டு கவனித்தல் வேண்டும்.

முதிய பூனைகளிடம் மிகுதியாகக் காணப்படும் பெருநோய்களுள் ஒன்று, நாட்பட்ட சிறுநீரக நோய். வீட்டுப்பூனையின் முன்னோர் வறண்ட நிலங்களில் வாழ்ந்த காட்டுப்பூனைகள். குறைந்த நீரைக்கொண்டு வாழும் பொருட்டு, சிறுநீரை மிகவும் செறிவாக்கும் ஆற்றல் அவற்றின் சிறுநீரகத்திற்கு அமைந்தது. சிறுநீரகத்தின் செயல் ஏறத்தாழ மூன்றில் இருபங்கு கெட்ட பின்னரே அவ்வாற்றல் குன்றத் தொடங்கும். நான்கில் மூன்று பங்கு கெட்ட பின்னரே இரத்தத்தில் கிரியாட்டினின் அளவு தெளிவாக உயரும். அதுவரை பூனை நலமுற்றது போலவே தோன்றும். மேலும், நோயை மறைப்பது பூனையின் பிறவிக் குணம். வேட்டையாடும் விலங்காயினும் தானும் பிறவிலங்குக்கு இரையாகக் கூடிய சிற்றுயிர் ஆதலின், வலியை வெளிக்காட்டாது ஒடுங்கிவிடும். அது கத்தவில்லை என்பதனால் அதற்கு வலியில்லை என்று முடிவு செய்தல் தவறு.

நோயின் அறிகுறிகள் சிலவற்றை இங்கே தொகுத்துரைப்போம். மிகுதியாக நீர் அருந்துதல், மிகுதியாகச் சிறுநீர் கழித்தல், உடல் மெலிதல், மயிர் மங்கிச் சடைவிழுதல், வாய் நாற்றம், அடிக்கடி வாந்தி, உணவை முகர்ந்துவிட்டு விலகிப் போதல் ஆகியவை பொதுவானவை. பொட்டாசியம் குறைந்தால் கழுத்து நிமிராது தொங்கும். இரத்த அழுத்தம் உயர்ந்தால் ஒரே நாளில் பார்வை போய்விடுதலும் உண்டு. கெட்ட சிறுநீரகம் மீண்டும் வளர்வதில்லை. எனினும் உரிய பேணுதலால் பல மாதங்களும், நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிந்தால் சில ஆண்டுகளும் பூனை அமைதியாக வாழக்கூடும்.

எமது பிழை

எம் இல்லத்தில் 14 ஆண்டுகள் வாழ்ந்த சாம்பல்நிறப் பூனையொன்று, ஒரு கோடைக்காலத்தில் ஒளுச் செய்யும் வாளியருகே அடிக்கடி வந்து நீர் குடிக்கத் தொடங்கியது. “வாயில்லாச் சீவன், தண்ணி நல்லாக் குடிக்குது, அல்லாஹ் காப்பாத்துவான்” என்று எம் தாயார் மகிழ்ந்தார். யாமும் அதனை வெயிலின் வெம்மையால் எழுந்த தாகம் என்றே எண்ணினோம்; அது நலத்தின் அடையாளம் என்றும் கொண்டோம். மழைக்காலம் வந்தும் தாகம் தணியவில்லை. தூக்கும்போது கையில் எடை தெரியாத நிலை வந்த பின்னரே கால்நடை மருத்துவரை நாடினோம். இரத்த ஆய்வின் முடிவைக் கண்ட அவர், சில மாதங்களுக்கு முன்னர் வந்திருக்கலாமே என்றார். அச்சொல் இன்றும் எம் நெஞ்சில் முள்ளாய் உறுத்துகின்றது. படித்தோர் நிறைந்த இல்லத்தில், அன்றாடம் கண்முன் நிகழ்ந்ததைக் கண்டும் காணாதவராயிருந்தோம்.

அதன்பின் ஐந்து மாதங்கள் அதனைப் பேணினோம். தோள்களுக்கிடையே தளர்ந்து தொங்கும் தோலைக் கூடாரம் போல் தூக்கிப் பிடித்து, அதனடியில் ஊசிவழி உப்புநீர் ஏற்றும் முறையை மருத்துவரே கற்றுத் தந்தார். வாரம் மும்முறை அவ்வாறு ஏற்றினோம். நீர்க்கிண்ணங்களை நான்கு இடங்களில் வைத்தோம். உப்பும் மசாலாவும் சேர்க்காது வேகவைத்த கோழியிறைச்சியையும் மீனையும் வெதுவெதுப்பாக்கி, மருத்துவர் கூறிய அளவில், சிறிது சிறிதாகப் பலமுறை ஊட்டினோம். சூட்டில் எழும் மணமே நோயுற்ற பூனைக்குப் பசியைத் தூண்டும். மணல்தட்டின் விளிம்பு உயரமாயிருந்ததால் காலெடுத்து வைக்க அது துன்புற்றது. ஒரு பக்கத்தை வெட்டித் தாழ்த்தினோம். தன்னுடலைத் தானே நக்கித் தூய்மை செய்ய இயலாதபோது, ஈரத்துணியால் துடைத்துவிட்டோம்.

இங்கே சில எச்சரிக்கைகளையும் கூறுதல் கடமை. மனிதர் உண்ணும் பாராசிட்டமால் மாத்திரை பூனைக்கு நஞ்சு. ஒரு மாத்திரையே உயிரைப் போக்கக்கூடும். வெங்காயமும் பூண்டும் அதன் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பன. ஆதலின் கறியாணத்தைச் சோற்றில் ஊற்றி வைத்தல் ஆகாது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. பூனை ஓரிரு நாட்களுக்கு மேல் உண்ணாதிருந்தால் கல்லீரலில் கொழுப்புப் படிந்து வேறொரு நோயும் சேர்ந்துகொள்ளும். ஆதலின் தானே சரியாகிவிடும் எனக் காத்திருத்தல் தகாது.

ஓர் ஐயமும் விடையும்

அந்நாட்களில் எம் மஹல்லாப் பெரியவர் ஒருவர், “மனுசருக்கே மருந்து வாங்க வழியில்லாத காலத்துல பூனைக்கு ஊசியா தம்பி?” என்று வினவினார். இது எள்ளி நகையாடத்தக்க வினாவன்று. ஏழையரின் துயரறிந்த நெஞ்சிலிருந்து எழுந்த வினா. ஆதலின் இதற்கு நேர்மையான விடை கூறுதல் வேண்டும்.

ஜகாத் பெறும் உரிமையுடையோர் எண்வகையினர். அவர்தம் பங்கில் பூனைக்கு இடமில்லை. அதனை யாரும் கேட்கவுமில்லை. இது வீட்டுச் செலவைச் சார்ந்த கடன். பூனையை ஏற்றவர் தம் வசதிக்கேற்ப அதனை ஏற்க வேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1987-ஆம் ஆண்டு முதல் பூனைகளுக்குச் சிறுநீரக மாற்று அறுவையும் செய்யப்பட்டுள்ளது. அத்தகைய பெருஞ்செலவை நாம் யார்மீதும் சுமத்தவில்லை. தூய நீர், இளஞ்சூடான உணவு, மெத்தென்ற படுக்கை, இயன்ற அளவில் வலிநீக்கும் மருந்து, அருகில் ஒரு பழகிய குரல் ஆகியவையே யாம் வேண்டுவன. இவற்றுள் பெரும்பாலானவை பொருளில்லாதாரும் தரக்கூடியவை. மேலும், பூனைக்கு இரங்கியவர் மனிதரை மறந்தார் என்பதற்குச் சான்று காண்டல் அரிது. பயனற்றதென ஓர் உயிரை மூலையில் தள்ளப் பழகிய கை, நாளை உழைப்பு ஓய்ந்த முதியோரையும் தள்ளத் துணியாதோ என்பதே எம் அச்சம். இதனை நாம் அவரிடம் பணிவுடன் கூறினோம். மறுவாரம் அவரே ஒரு கிண்ணத்தில் வேகவைத்த மீனை அனுப்பி வைத்தார்.

இறுதி நாட்கள்

பேணுதலின் மிகக் கடினமான பகுதி, எங்கே நிறுத்துவது என்பதை அறிதல். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் அவர்கள் 2004-ஆம் ஆண்டு இதற்கென ஓர் அளவுகோலை வகுத்தளித்தார். வலி, பசி, நீர்ச்சத்து, தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், தீய நாட்களை விட நல்ல நாட்கள் மிகுதியாக இருத்தல் ஆகிய ஏழுக்கும் தனித்தனியே பத்துவரை மதிப்பெண் இடுதல் வேண்டும். மொத்தம் 35-க்கு மேற்பட்டால் பேணுதலைத் தொடரலாம். அதற்குக் கீழே இறங்கினால் மருத்துவரோடு கலந்து முடிவை எண்ணுதல் வேண்டும். உணர்ச்சி அலைக்கழிக்கும் வேளையில் இத்தகைய கணக்கு நமக்கொரு ஊன்றுகோல்.

யாம் அவ்வூன்றுகோலைப் பற்றவில்லை. எம் பூனை உண்பதை அடியோடு நிறுத்திய பின்னரும், அழைத்தால் தலை தூக்காத நிலையிலும், நான்கு நாட்கள் ஊசியால் நீர் ஏற்றினோம். ஊசியைக் கண்டதும் அது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டது. ஐந்தாம் நாள் பஜ்ருக்கு முன் அதன் மூச்சு அடங்கியது. அந்நான்கு நாட்கள் ஏற்றிய நீர் அதன் தாகத்திற்காக ஏற்றியதன்று; பிரிவைத் தாங்கமாட்டாத எம் மனத்திற்காக ஏற்றியது. முதலில் காணத் தவறினோம்; இறுதியில் விடத் தவறினோம். பிறரேனும் இப்பிழைகளைச் செய்யாதிருத்தல் வேண்டும் என்பதற்காகவே இவற்றை மறைக்காது எழுதுகின்றோம்.

மீளா வேதனையிலுள்ள பூனையை மருந்தூசியால் அமைதியாக இறக்கச் செய்யலாமா என்னும் வினா நம் சமுதாயத்தில் எழுவது இயல்பு. இதில் மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. உண்ணத்தகாத விலங்கை, அதன் துன்பத்தைத் தீர்க்கும் நோக்கத்தோடும் கொல்லலாகாது என்ற கருத்தை ஷாஃபிஈ நூல்களில் காண்கின்றோம். தேறும் நம்பிக்கையற்ற விலங்கின் வேதனையை முடித்துவைத்தல் ஆகும் என்று கொண்ட அறிஞரும் உளர். அவரவர் தம் ஆலிமிடம் கேட்டுத் தெளிதலே முறை. ஆயின் ஒன்றைக் கூற விரும்புகின்றோம். ஊசியை ஏற்காதவருக்குப் பொறுப்பு குறைவதில்லை, கூடுகின்றது. உயிர் தானே பிரியும்வரை காத்திருப்பதென்று முடிவு செய்தவர், அக்காத்திருப்பின் ஒவ்வொரு நாழிகையிலும் வலி தணிக்கும் மருந்துக்கும், வாயை நனைக்கும் நீருக்கும், ஈரமில்லாப் படுக்கைக்கும் பிணையாவார். ‘விதிப்படி நடக்கட்டும்’ என்று கொல்லைப்புறத்தில் விடுதல் எந்த அறிஞரின் கருத்தும் அன்று.

நிறைவுரை

காரணமின்றி விலங்கைக் கைவிட்டு, அது பசி தாகத்தால் வருந்தும் நிலைக்கு ஆளாக்குதல் இந்திய விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்படி (1960) குற்றம். அச்சட்டம் இயற்றப்பட்டபோது முதற்குற்றத்திற்கு விதிக்கப்பட்ட தண்டம் ஐம்பது ரூபாயைத் தாண்டவில்லை. தண்டத்திற்கு அஞ்சி எவரும் சாக்கைக் கீழே வைக்கப் போவதில்லை. இறைவன் முன் நிற்கும் நாளை அஞ்சியே வைத்தல் வேண்டும்.

மாணவச் செல்வங்களே! உங்கள் இல்லத்துப் பூனைக்குப் பத்து வயது கடந்துவிட்டதா? திங்களுக்கு ஒருமுறை அதனைக் கையில் ஏந்தி எடையை அறியுங்கள். அது அருந்தும் நீரின் அளவை நோக்குங்கள். ஆண்டுக்கு ஒருமுறையேனும் அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். பெரியோர்களே! வீட்டுச் சிறுவர் நோயுற்ற பூனையருகே அமர்ந்திருந்தால், அது வீண்வேலை என்று விரட்டாதீர்கள். நாளை உங்கள் கட்டிலருகே அமரும் பண்பை அவர்கள் அங்கேதான் பயில்கின்றனர்.

எம் பூனையைக் கொல்லையில் முருங்கை மரத்தடியில் ஆழக் குழிதோண்டிப் புதைத்தோம். ஒளுச் செய்யும் வாளி இன்றும் அதே இடத்தில் இருக்கின்றது. தெருப்பூனை ஏதேனும் அதனருகே வந்தால், எம் தாயார் வாளியைச் சற்றே சாய்த்துக் கொடுக்கின்றார். அது எவ்வளவு நீர் குடிக்கின்றது என்பதையும் இப்போது உற்று நோக்குகின்றார். நம்மை நம்பி வந்த உயிர்களை இறுதிவரை பேணும் நல்லுள்ளத்தை எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்குவானாக!